இரும்பு பம்பர்

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தவர் அவர். ஐம்பது வருடம் நெருப்போடு மல்லுக்கட்டிய கை. ஏலத்தில் எடுத்த பழைய பஸ்ஸைக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் வைத்து வீடாகவே மாற்றினார். எந்த எஞ்சினியர் வரைந்து கொடுத்தான்? ஒருத்தனும் இல்லை. “யானை மோதினாலும் யானைக்குத்தான் கட்டுப் போடணும்” என்று முன் பம்பரைத் தட்டிக் காட்டுவார்.

அந்த பஸ்ஸில் மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பி, ஓடையோரத்தில் வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம் மைதானம் ஒன்றில் தங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கூரையில் ஆணி கொட்டியது போல அடித்தது. ஈரப்படியில் வழுக்கி மனைவி காலை உடைத்துக்கொண்டாள், மாவுக்கட்டு. நாலாம் நாள் காலை ஓடை கரையை உடைத்தது. மற்ற சின்ன வண்டிகள் ஓரமாக நுழைந்து மேடேறிவிட்டன. பஸ் வெளியேற ஒரே பாதை. அதன் குறுக்கே பளபளவென்று ஒரு புது வீட்டுவண்டி, கடையில் வாங்கிய கேரவன். அதில் ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர், தனியாள். மலையெல்லாம் தானே ஓட்டி வந்ததாக முந்தின நாள் சாயங்காலம்தான் அளந்திருந்தார்.

“சார், வண்டிய எடுங்க. தண்ணி வந்துடுச்சு.”

“முடியாது. போய்யா உன் ஓட்டை பஸ்ஸுக்கு!”

“உள்ள என் பொண்டாட்டி நடக்க முடியாம கெடக்கா சார்.”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

வெல்டர் அந்த வண்டியின் கதவைப் பிய்த்தார். ஆபீசர் ஜாக்கிக் கம்பியை வீசினார். வெல்டரின் முன்பல் இரண்டு சேற்றில் விழுந்தன. விடுவாரா? ரத்தத்தைத் துப்பிவிட்டு, சட்டையைப் பிடித்து இழுத்து, மூக்கில் ஒரே குத்து. இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள்.

“என்னங்க, உள்ள தண்ணி ஏறுது!” பஸ்ஸிலிருந்து மனைவி அலறினாள்.

ஆபீசரை மூட்டை போலத் தூக்கி பஸ்ஸுக்குள் எறிந்தார். ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். பம்பர் இடித்த இடிப்பில் புது வண்டி தகர டப்பாவாக நசுங்கிப் பள்ளத்தில் குப்புற விழுந்தது. பஸ் உறுமிக்கொண்டு மேடேறியது. திரும்பிப் பார்த்தால், நசுங்கிய வண்டியை ஓடை உருட்டிக்கொண்டு போனது. பம்பரில் ஒரு கீறல்? தேடினாலும் கிடைக்காது.

மனைவி ஒரே துண்டை இரண்டு பேருக்கும் வீசினாள். “தொடச்சிக்குங்க, ரெண்டு பயில்வானும்!”

ஆபீசர் மூக்கைப் பொத்தியபடி முனகினார். “சாவி டிரைவர்கிட்ட இருக்கு. நேத்து மத்தியானம் போனவன் வரல. எனக்கு... ஓட்டத் தெரியாதுய்யா.”

வெல்டர் துண்டை வாங்கி வாயைத் துடைத்தார்.

“இத முதல்லயே சொல்லியிருந்தா என் ரெண்டு பல்லு மிஞ்சியிருக்கும்ல, சார்?”