பட்டியலுக்குப் போட்ட பூட்டு

மலேசியாவில் எங்கள் தோட்டத்து அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில். கிள்ளானில் மூன்று மாதம் வகுப்புக்குப் போய் வந்திருந்ததால் அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பதிகிற செக்ரோல் புத்தகத்தை அவர் வழக்கம் போலக் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். பழைய புத்தகங்களையும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பெரிய கிராணி சாப்பிடப் போயிருந்த நேரம் மானேஜர் கதவைச் சாத்திவிட்டு என்னை டைப் செய்யச் சொன்னார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் கீழ் லயத்து நிலத்தைக் கம்பெனி விற்கப் போகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அவர் பேர் பேராகச் சொல்ல, நான் அடித்தேன். ஒன்பதாவது அப்பாவின் பெயர். அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. அது என் அப்பா என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"பேப்பர்ல எடுக்காதே, தோட்டம் முழுக்கத் தெரிஞ்சிடும். பாஸ்வர்ட் போட்டு வை. வெளியே ஒரு வார்த்தை போச்சுன்னா உன் வேலை போயிடும். உங்க வீட்டுக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டுக் காசும் வராது" என்றார் மலாய் மொழியில். கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டது. அடித்தால் திரையில் எழுத்து தெரியாது. இரண்டு முறை அடிக்க வேண்டும். மறந்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்று மானேஜர் ஒரு சொல்லைச் சொன்னார், அதையே போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா வீட்டின் பின்பக்கம் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்பு அன்றே சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இருந்த ஒரே அறையில் பிள்ளை பெற்றவளை எங்கே படுக்க வைப்பது? அதனால் ஒரு அறை இழுத்துக் கட்டுகிறார். தஞ்சோங் காராங்கில் தகரம் பார்த்துவிட்டு வந்திருந்தார். மானேஜரிடம் அனுமதி கேட்டாராம், "கட்டிக்கோ" என்றாராம்.

"துரையே சரின்னுட்டாருலா" என்றார் அப்பா சந்தோஷமாக. "நீ ஆபீஸ்ல இருக்கிறதால நமக்கு ஒரு மரியாதை பாப்பா."

எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். சொன்னால் அப்பா சும்மா இருக்க மாட்டார், நேரே மானேஜரிடம் போய் நிற்பார். கிடைக்க வேண்டிய காசும் கிடைக்காது. சொல்லாவிட்டால் அறை எழும்புகிறது. இரண்டு வாரம் இப்படியே செத்துப் பிழைத்தேன். தகரம் வந்து இறங்கியது. சிமெண்டும் வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. புத்தியா அது! பட்டியல் கம்ப்யூட்டரில் மட்டும்தானே இருக்கிறது? மறுநாள் கோலாலம்பூர் ஆபீசுக்கு அது போக வேண்டும். அதைத் திறக்க முடியாமல் போனால்? மானேஜர் வெளியே போன நேரம் கடவுச்சொல்லை மாற்றினேன். அக்கா பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாள். பிறக்கும் முன்னே சொல்லக் கூடாது என்று என் காதில் மட்டும் போட்டிருந்தாள். அந்தப் பெயரை இரண்டு முறை அடித்தேன். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கீழ் லயத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

மறுநாள் மானேஜர் அடித்து அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. என்னைக் கேட்டார். "நீங்க சொன்னதைத்தான் சார் போட்டேன்" என்றேன். மேசையைத் தட்டினார். பிறகு வேறு வழியில்லாமல் பெரிய கிராணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பெரிய கிராணி அலமாரியிலிருந்து செக்ரோல் புத்தகத்தை எடுத்து விரித்தார். கீழ் லயத்தில் யார் யார், எந்த வீடு, எத்தனை வருஷ வேலை, எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. டீ ஆறுவதற்குள் பாதி எழுதிவிட்டார். எழுதும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் பேனா நிற்கவில்லை. "இந்தப் பெட்டிய நம்பாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்லா" என்றார். யாரும் என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை.

அடுத்த வாரம் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அப்பா அதை மடிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறைக்கு முந்தின நாள்தான் கூரை போட்டு முடித்திருந்தார்.

"நீதானே அங்க டைப் அடிக்கிற. உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்பா."

"எப்போ?"

"கம்பு நட்ட அன்னிக்கு."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஏணியை எடுத்துப் போட்டு, முந்தின நாள் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தகரம் வேறு இடத்துக்கு ஆகும் என்று. நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன். "கம்பெனிக்குப் பயந்து எங்கிட்ட வாயைப் பூட்டிட்ட" என்று மேலிருந்து ஒரு முறை மட்டும் சொன்னார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, மாமியார் வீட்டில். நினைத்து வைத்த அதே பெயரை வைத்தாள். எல்லாரும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அது வாயில் வருவதில்லை. "பாப்பா" என்றே கூப்பிடுகிறேன். ஏன் சின்னம்மா என் பேரைச் சொல்ல மாட்டேங்கிறீங்க என்று அவள் கேட்டிருக்கிறாள். மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.