தண்ணீரோடு போன நீல கேன்

வெள்ளிக்கிழமை பிற்பகல். துபாயில் தேரா கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அறையில், பிரியாணி தின்ற கையோடு லாஞ்ச் ஆட்கள் டிவி முன் உட்கார்ந்திருந்தார்கள். வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோகும் லாஞ்ச் அவர்களுடையது. இன்ஜின் பார்க்கும் அன்பரசன் ஒரு டிவிடி வாங்கி வந்திருந்தான். பாய்மரப் படகில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பிய வெள்ளைக்காரன் ஒருவன், புயலில் படகு உடைந்து பிழைக்கப் போராடும் கதை.

அழகுமலை சுவரோரம் சாய்ந்திருந்தான். அல் கூஸில் ஒரு கிடங்கு வேலைக்கு மறுநாள் அவன் சரி சொல்ல வேண்டும். லாஞ்சில் வேறு குறை இல்லை. சுக்கான் பிடிக்கும் சதக்கத்துல்லாவின் முகத்தைத் தினமும் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனைக்கும் அவனைக் கடலிலிருந்து தூக்கியவர் அவர்தான்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு படகில் வேலை செய்தபோது, ஒரு மாலை கால் வழுக்கிக் கடலில் விழுந்தான். கூடவே உருண்டு விழுந்த நீலநிறக் காலி கேனைக் கட்டிக்கொண்டு விடியும்வரை மிதந்தான். காலையில் இந்த லாஞ்ச் நேராக அவனை நோக்கி வந்தது. கத்தப் பார்த்தான், குரல் எழவில்லை. பிறகு லாஞ்சின் மூக்கு மெல்ல விலகியது. சற்று நேரத்தில் திரும்பி வந்து தூக்கியது உண்மை. ஆனால் விலகியதும் உண்மை. வம்பெதற்கு என்று போகப் பார்த்தவர், மனசு உறுத்தித் திரும்பினார் என்றே அவன் எடுத்துக்கொண்டான். அதை அவரிடம் கேட்டதில்லை. பாதி மனதோடு நன்றி சொல்லிக்கொண்டு ஒருவரோடு ஒரே சட்டியில் சோறு தின்பது கடினம்.

படம் அப்படியொன்றும் பெரிய படமில்லை. அறையும் அதை விட்டுவைக்கவில்லை. இவனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று சமையல்கார வீரபாண்டி கேட்டான். யாருமில்லை, ஆசைக்குப் போகிறான் என்றதும், "அப்பப் படட்டும்" என்று முடித்துவிட்டான். இடுப்பில் கயிறில்லாமல் அவன் பாய்மரம் ஏறியபோது ஆளுக்கொரு வசை. குடிதண்ணீரில் முகம் கழுவியபோது அறையே திட்டியது.

அப்போது படத்தில் ஒரு கப்பல் கிட்டே வந்து, அவனைக் காணாமல் விலகிப் போனது.

"கப்பல்காரனுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றான் அன்பரசன்.

"முன்னால இருந்தாலும் அப்படித்தான்டா," என்றார் சதக்கத்துல்லா. "இந்தா உக்காந்திருக்கானே மாப்ள, இவனையே நான் மீன்கூட்டுக் கேன்னுதான நெனச்சேன்."

மீன் பிடிக்கக் கடலடியில் கூடு இறக்குகிறவர்கள் அடையாளத்துக்கு ஒரு கேனைக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுவார்கள். அந்தக் கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் லாஞ்ச் நடுக்கடலில் நின்றுவிடும். அதனால் கேனைக் கண்டால் ஒதுங்குவது லாஞ்ச்காரர்களின் கைப்பழக்கம். அழகுமலையே முன்னால் நின்று எத்தனையோ முறை கை காட்டி ஒதுக்கியிருக்கிறான். அதையும் அந்தக் காலையையும் அவன் சேர்த்துப் பார்த்ததே இல்லை. கேனுக்குப் பின்னால் ஒரு தலை இருந்தது அவனுக்கு மட்டும்தானே தெரியும்!

"அப்பறம் ஏன் மாமா திருப்புனீங்க?" என்றான் அழகுமலை.

"கூட்டுல கட்டுன கேன்னா, தண்ணி எவ்வளவு இழுத்தாலும் ஒரே எடத்துல நின்னு தலையாட்டும். இது தண்ணி போன பக்கமே போச்சு. சரி, யாரோ விட்ட கேனு, எடுத்தா டீசல் ஊத்தி வச்சுக்கலாம்னு திருப்புனேன். கிட்டக்க வந்தா நீ தொங்குற."

அறை வெடித்துச் சிரித்தது. கேனுக்குக் கிடைத்த கொசுறு என்றான் வீரபாண்டி. அழகுமலையும் சிரித்தான், கண் கரித்தது. மனிதனென்று அறிந்து அவர் விலகவுமில்லை, திரும்பவுமில்லை. கண்டதை இன்னொரு முறை பார்த்தார். தன் உயிர் இருந்தது அந்த இன்னொரு பார்வையில்தான் என்று இப்போது அவனுக்கு விளங்கியது. எழுந்துபோய் பாலில்லாத சுலைமானி டீ போட்டு, முதல் கிளாஸை அவரிடம் நீட்டினான்.

அல் கூஸுக்கு அவன் போகவில்லை. அடுத்த நடையில், லாஞ்சின் முன்னால் நின்றிருந்தவன் கண்ணில் ஒரு நீல கேன் பட்டது. ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினான். பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"என்ன மாப்ள, போவமா?" என்றார் சதக்கத்துல்லா சுக்கானிலிருந்து.

"இருங்க மாமா."

கேன் நின்ற இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தது.

"நிக்கிது. போங்க."