சீப்பும் மீன்முள்ளும்

ஒரகடத்தில் மண் பரிசோதனைக் குழுவில் வேலை கேட்டுப் போனபோது, முன்பு என்னென்ன செய்தாய் என்று கேட்டார்கள். செங்கல் சூளை, லாரி கிளீனர், முறுக்குக் கம்பெனி, களிமண் குழி என்றேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்ததையும் மறைக்கவில்லை. களிமண் என்றதும் சேர்த்துக்கொண்டார்கள்.

தொழிற்சாலை எழுப்புவதற்கு முன்னால், தரை எவ்வளவு எடை தாங்கும் என்று அறிய மனையில் துளை போடுவோம். வருகிற மண்ணை ஆழவாரியாக மரப்பெட்டியில் அடுக்கி, எத்தனை மீட்டரில் என்ன வந்தது என்று தாளில் எழுத வேண்டும். அந்த மனையில் மூன்றாம் துளை என்னுடையது. நூறு தப்படி தள்ளி நான்காம் துளை, உள்ளூர் அண்ணன் ஒருவருடையது. அவர்கள் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே நிலம் இருந்தது. இப்போது அதன் மேல் கார் உதிரிபாகம் செய்கிறார்கள்.

ஒரு நாள் காலை இன்ஜினீயர் இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இளையவர்.

"நாலாம் துளையில ஆறு மீட்டர்ல சாம்பல் களி. உன்னுதுல சாம்பல் களி பதினஞ்சு மீட்டர்ல. நூறு அடி வைக்கிறதுக்குள்ள பூமி குப்புற விழுந்துடுச்சா? ரூம்ல உக்காந்து எழுதினியா?"

வெயிலுக்குப் பயந்து துளையே போடாமல் தாளை நிரப்புகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. நான் அதைச் செய்ததில்லை. பெரிய யோக்கியன் என்பதால் இல்லை, இல்லாத மண்ணைக் கற்பனை செய்வது தோண்டுவதைவிட அலுப்பு. ஆனால் பொய்த்தாள் என்று முடிவானால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு, நான் தங்கியிருந்த குன்றத்தூர் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் குழுவும் என்னைச் சேர்க்காது.

"கலரை வச்சு சேர்க்காதீங்க சார். என்னுதுல ஏழு மீட்டர்ல மஞ்சள் களி இருக்கு பாருங்க. அதுதான் அண்ணனோட சாம்பல் களி. பதினஞ்சுல இருக்கிறது வேற களி. ரெண்டுலயும் ஒரே இலை இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். "உன் தாள்ல சீப்புன்னு எழுதியிருக்க. அவர் மீன்முள்ளுன்னு எழுதியிருக்கார். இலையே இல்லையே?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. பெரம்பலூர் போகிற வழியில் வெள்ளைக்களி வெட்டும் குழியில் நான் இரண்டு வருடம் இருந்தேன். களியைப் பிளந்தால் உள்ளே சீப்பு மாதிரி இலை அச்சு கிடக்கும். நாங்கள் அதைச் சீப்பு என்றே சொல்வோம். ஒரு முறை சுத்தியலோடு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, இதே அச்சு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மண்ணிலும் இருக்கிறது என்றாள். அந்தச் செடி ஒரு காலத்தில் இருந்து பிறகு பூண்டோடு போய்விட்டதாம். அதனால் அரை நாள் பஸ் தூரத்தில் இருந்தாலும் இரண்டு மண்ணும் ஒரே காலத்தில் படிந்தவை என்று சொல்ல முடிகிறதாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு அது எளிதில் புரியும்.

இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்து, கத்தியால் களியைப் படிவு வாக்கில் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைகள்.

பெட்டியோடு கூடவே வந்த அண்ணன் குனிந்து பார்த்தார். "அதான் சொல்றேன், முள்ளு. இன்னாப்பா நீ, சீப்பாம்! மண்ணுக்குள்ள யாரு தலை வாரிக்கினு கீறாங்க?"

"முள்ளுல கோடு கோடா நரம்பு ஓடுமாண்ணே?"

எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். "நரம்பு கீது. சரி, சீப்புக்கு மட்டும் நரம்பு கீதா?"

இன்ஜினீயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ரிப்போர்ட்ல கலர்தான் போகும்" என்றார்.

"தண்ணி ஏறி இறங்கினா களி மஞ்சளாகும் சார். இரும்பு துருப்பிடிச்சா வேற இரும்பாயிடுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சண்டை வேணாம். புதுசா ஒரு தாள் எழுது. மஞ்சளை விட்டுடு, ஆறு மீட்டர்ல சாம்பல்னு போடு. உன்னை வேலைய விட்டு அனுப்பல."

எழுதியிருந்தால் அன்றைக்கு வேலை தப்பியிருக்கும். ஆனால் முதலில் எழுதாத பொய்யை அப்போதுதான் எழுதியிருப்பேன்.

"மாட்டேன் சார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு துளை போடுங்க. ஆறரை மீட்டர்ல இலை வரும். வரலைன்னா நீங்க சொல்ல வேண்டாம், நானே போயிடறேன்."

மறுநாள் துளை போட்டோம். ஆறரையில் வெறும் மணல் வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "இன்னாப்பா, பை கட்டிக்கினியா?" என்றார். இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இறக்குங்கண்ணே, நிறுத்தாதீங்க" என்றேன்.

அவர் கேலி பேசினாலும் கை ஓயவில்லை. கிட்டத்தட்ட ஏழு மீட்டரில் களி வந்தது, ஒரு பாதி மஞ்சள், மறு பாதி சாம்பல். நான் கத்தியை எடுப்பதற்குள் அண்ணனே அதை உடைத்தார். ஒரே இலை இரண்டு நிறத்தின் மேலும் குறுக்காகக் கிடந்தது.

"ஆறரைன்னு சொன்னியே" என்றார் இன்ஜினீயர்.

"இலைகிட்ட டேப் இல்ல சார்."

அவர் பேனாவை எடுத்து, படத்தில் மூன்று துளைகளின் இலைக் களியையும் ஒரே கோட்டால் இணைத்தார். கோடு லேசாகச் சாய்ந்து போனது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் பழைய தாளில் மண் கறை இருக்கிறது, சுத்தமாக வேறொன்று எழுதித் தா என்றார். அதற்கும் மாட்டேன், துளைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினதற்கு அந்தக் கறைதான் சாட்சி என்றேன். அவர் அந்தக் கறைத் தாளின் கீழேயே கையெழுத்துப் போட்டார்.