புகை ஏறிய கிராம்பு

அருமனைக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் கிராம்பு மரங்கள் உண்டு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்துச் சேர்த்ததில் வாங்கிய தோட்டம். கிராம்பு என்பது விரியாத மொட்டு. சிவப்பு ஏறத் தொடங்கும்போதே பறித்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். விரிந்துவிட்டால் வாங்க ஆள் இல்லை.

எங்கள் சரக்கை எடுப்பவர் கோட்டாற்று வியாபாரி ஒருவர். அவர் வாப்பா காலத்திலிருந்தே வளைகுடாவுக்கு ஏற்றுமதி செய்யும் குடும்பம். அண்ணன் முறையில் நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காய்ந்த கிராம்பை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். எண்ணெய் கசியும். "இந்த எண்ணெய்க்காக்கும் அங்க ஆளு காத்துக் கெடக்கது" என்பார். கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு வருஷம் மரங்கள் சரியாகப் பூக்கவில்லை. மண் காய்ந்தால்தான் மரம் மொட்டு வைக்கும், அந்தச் சமயத்தில் மலை காயவே இல்லை என்றார்கள். மறுவருஷம் கிளை தாழ மொட்டு பிடித்தது. ஆனால் தை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லாக் கணக்கும். வழுக்கும் ஏணியில் ஏறி ஆட்கள் பறித்து முடித்தார்கள். முற்றத்தில் போட வழியில்லை. கூடம், படுக்கையறை, கட்டிலுக்கு அடியில்கூட மொட்டைப் பரப்பி மின்விசிறியை ஓடவிட்டோம். ஆனாலும் வாசனை மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் கையால் துழாவினேன், அடியில் பிசுபிசுவென்று புளிப்பு நாற்றம்.

"ஏட்டி, பக்கத்துத் தோட்டத்துப் புகைப்புரையில போட்டா என்ன?" என்றார் கணவர். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உணக்கும் அறை அது. மழையில் பால்வெட்டு நின்றதால் சும்மா கிடந்தது.

"புகை நாத்தம் ஏறாதா?"

"ஏறுனா ஏறட்டு. பூசணம் பூத்துப் போறதுக்கு அது தேவலாம்லா."

அறையைக் கழுவி, தேங்காய்ச் சிரட்டைகளைப் போட்டு மெல்லிய தீயாக வைத்தோம். மாறி மாறிப் போய்த் தட்டுகளைப் புரட்டினோம். கண் எரிந்து வீங்கிவிட்டது. ஆனால் கிராம்பு கறுத்து, ஒடித்தால் முறிகிற பதத்துக்கு வந்தது. காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தோம். காக்கா ஒன்றை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். "அனுப்பிப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள், போனில் சொல்லாமல் அவரே மலையேறி வந்தார். நான் கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"சாம்பிளை அங்க லேப்ல பாத்தானுவளாம். புகையில உள்ள என்னமோ கலந்திருக்காம். வேண்டாம்னு சொல்லிட்டானுவ."

"அப்ப இந்த வருஷம் அவனுவ யார்ட்ட எடுப்பானுவ?" என்று கணவர் கேட்டார்.

காக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மடகாஸ்கர் கிராம்பு. நான் நகத்தால் அழுத்தினேன். எங்களுடையதைவிட எண்ணெய் குறைவு. ஆனால் நன்றாகக் காய்ந்து, எல்லாம் ஒரே நிறமாக இருந்தது.

"நம்ம சரக்குக்குப் பக்கத்துல இது நிக்காது. ஆனா கேட்ட மாசத்துல வந்து சேருது. அவனுவளுக்கு அது போதும். போன வருஷம் பூக்கல்ல, இந்த வருஷம் மழ. நான் எத்தன தடவ காரணம் சொல்லதுக்கு?"

"அங்க மட்டும் மழையும் காத்தும் இல்லியா காக்கா?" என்று கேட்டேன்.

"புயலே அடிக்கி. ஆனா அவனுக்க நாடு பெருசு. ஒரு பக்கம் போனா மறுபக்கம் இருக்கும். நமக்கு இந்தக் கைப்பிடி மலைதானே."

பொட்டலத்தை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "நானும் இதத்தான் எறக்கி இங்க விக்கியேன், தங்கச்சி. மறைச்சு என்ன செய்ய."

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. புகை ஏறிய எங்கள் சரக்கை உள்ளூரில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம்.

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து கரண்டில் ஓடும் உலர்த்தி ஒன்று வாங்கினோம். இனி மழை வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். இந்தத் தையில் மழை இல்லை, வெயில் நன்றாகவே அடித்தது. மரத்தில்தான் மொட்டு இல்லை. எட்டிய கிளைகளையெல்லாம் வளைத்துப் பார்த்துவிட்டோம், முழுக்கத் தளிர்தான்.

நேற்று காக்கா போன் செய்து, "மொட்டு வச்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மரங்களில் பாதியை வெட்டிவிட்டு ரப்பர் வைக்கலாமா என்று கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.