கம்பிக்காரர் வீட்டு முன்சக்கரம்

கம்பிக்காரருக்கு மனிதர்களின் முகம் இரண்டாம்பட்சம்தான். யார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாலும் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார். ஆளை நலம் விசாரிப்பது அதற்கப்புறம். கேட்கிறவர் விரும்பும் அளவில் ஸ்போக் கம்பி கோத்துச் சக்கரம் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்பு நர்சாக இருந்தவள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். ஊசி குத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினால்தான் வேலை. வீட்டு வண்டியோ உயரம். கால் எட்டாமல் இரண்டு தடவை வண்டியோடு சாய்ந்தாள்.

"இதுக்கு ஏணி வச்சுத்தான் ஏறணும்," என்றாள் முழங்கையைத் தடவிக்கொண்டு.

"ஏணி எதுக்கு? சக்கரத்தையே சின்னதாக்கிடறேன்," என்றார் கம்பிக்காரர். கட்டினவளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?

சக்கரத்து நடுவில் இருக்கும் பழைய ஹப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சின்ன ரிம் வளையம் வாங்கினார். அதற்கேற்ற நீளத்தில் ஸ்போக்கை வெட்டி, முனையில் மரை போட்டார். உள்பக்கத்து ஸ்போக்குகளை முதலில் கோத்து, வெளிப்பக்கத்து ஸ்போக்குகளை அவற்றின் மேல் குறுக்கே ஓட்டி, கம்பி முனையில் மாட்டும் எல்லா நிப்பிளையும் விரலாலேயே முடுக்கினார். பிறகு சக்கரம் சோதிக்கும் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றிவிட்டு, ஆட்டம் தெரிந்த இடத்தில் கால் சுற்று, அரைச் சுற்று என்று நிப்பிளைச் சாவியால் திருகினார். ஸ்போக்கைச் சாவியால் தட்டுவார். தளர்ந்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இப்படியே இரண்டு சக்கரமும் முடிந்தன. சுற்றினால் ஒரு தாள் கனத்துக்குக்கூட ஆட்டம் இல்லை.

இப்போது அவளுக்குக் கால் தரையில் நன்றாகவே ஊன்றியது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது.

"ஏங்க, வண்டி இடது பக்கமே இழுக்குதுங்க."

"வண்டி இழுக்கல, நீ இழுக்கற. தோளைத் தளர்த்து. தூரமா பாரு."

நாலைந்து நாள் இதே பாட்டுத்தான். தோள், முழங்கை, பார்வை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்தார் மனுஷன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "எனக்கு வராதுங்க. நாளைக்கு வரலன்னு சொல்லிடறேன்," என்று போனை எடுக்க உள்ளே போனாள்.

கம்பிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வண்டியில் தானே ஏறித் தெருமுனை வரை போனார். திரும்பி வரும்போது முகம் செத்துவிட்டது. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். முன் ரிம் ஒரு விரல் அகலம் ஒதுங்கி நின்றது.

பிரேக் ஒரு பக்கம் இருப்பதால், ரிம் ஹப்புக்கு நடுவில் உட்காராது. சற்றுத் தள்ளித்தான் உட்காரும். எவ்வளவு தள்ளி என்பதைப் பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அவரே ஓதுகிற பாடம்தான் இது. பின்சக்கரத்துக்கு அளந்தார். முன்சக்கரத்தைப் பிரித்தபோது, "என் வீட்டுக்காரிக்காக என்ன செய்யறேன் பாத்தியா" என்று பக்கத்துக் கடை வெல்டரிடம் பெருமையடித்துக்கொண்டே பழைய ஸ்போக்கையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டார். ஸ்டாண்டில் அது நேராகத்தான் சுற்றியது. வண்டிக்கு நடு எது என்று ஸ்டாண்டுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே அவள் பரிசோதனைக் கூடத்து எண்ணை ஒருவழியாகத் தேடி எடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போனை வை," என்றார். "தப்பு உன்கிட்ட இல்ல. சக்கரத்துல. நான்தான் அளக்காம பிரிச்சிட்டேன். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

அவள் எண் அழுத்துவதை நிறுத்தினாள்.

"அப்போ இத்தனை நாளும் நான் நேராத்தான் ஓட்டினேனா?"

"நேராத்தான் ஓட்டின. கோணல் சக்கரத்தைப் போட்டு நேரா ஓட்டியிருக்க."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு நானே முடிவு கட்டிட்டேங்க," என்றாள்.