அந்தப் பெண் காத்திருந்தாள்

கழுத்தோரம் ஏதோ உறுத்தியது. தாலிச் சங்கிலியின் கொக்கி என்று நினைத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தேன். கொக்கி போன பிறகும் உறுத்தல் அங்கேயே இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஒரு கட்டி.

அதிலிருந்து சதை எடுத்துச் சோதித்து, லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) என்றார்கள். குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொன்னது என் கணவர் செந்திலுக்குக் கேட்டது. எனக்கு அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் வெட்கப்படாதீர்கள். கூடவே இன்னொரு ஜோடிக் காது வேண்டும் என்றுதான் துணைக்கு ஆளை அழைத்துவரச் சொல்கிறார்கள்.

கீமோ ஆரம்பித்ததும் முடி போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். படிப்பும் சேர்ந்து போகும் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் மென்பொருள் எழுதிச் சாப்பிட்டவளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் தலையில் நிற்கவில்லை. வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும்.

எங்கள் மகள் ஆதிராவுக்கு அப்போது ஏழாம் வகுப்பில் ஒரு நாவல் பாடமாக இருந்தது. நாங்கள் வேலைக்கு வந்திருக்கும் இந்த நாட்டின் மேற்கே குடியேறப் போன ஒரு குடும்பத்தின் பழைய காலத்துக் கதை. அக்கம்பக்கம் யாருமில்லாத புல்வெளி, மரக்கட்டை வீடு, பனி, கோதுமை வாங்கப் போன அப்பா, வீட்டில் அம்மாவோடு ஆதிரா வயதில் ஒரு பெண். சோபாவில் என் காலடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிப்பாள். பிறகு அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை. அந்த நோய் எனக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான்.

"அம்மா, ஸர்வைவ்க்குத் தமிழ்ல என்ன?"

"பிழைக்கிறது."

"பிழைன்னா மிஸ்டேக் இல்ல? தமிழ் ஸ்கூல்ல ரெட் இங்க்ல போடுவாங்களே."

"அதுவும்தான். நானும் அப்பாவும் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தோம்ல, அதையும் பிழைக்க வந்தோம்னுதான் சொல்லுவோம்."

"எல்லாத்துக்கும் ஒரே வேர்டா? தட்ஸ் சோ லேஸி," என்றாள்.

ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் நியூட்ரோபீனியா (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோவது) வந்தது. வீட்டுக்குள் யாரையும் விடக்கூடாது என்றார்கள். எங்கள் ஊரான ஃப்ரீமான்ட்டில் ஒரு தமிழ் வீட்டில் உடம்பு சரியில்லை என்று தெரிந்தபின் சாம்பார் வராமல் இருக்குமா? கதையில் அந்தப் பெண் கொள்ளிக்கட்டையோடு வாசலில் நின்று ஓநாயை விரட்டினாள். எங்கள் வாசலில் ஆதிரா நின்றாள். "சாரி ஆன்ட்டி. சாம்பார் ஓகே. நீங்க உள்ள வர்றது நாட் ஓகே."

பனிப்புயல் வந்து, கதையில் அந்த அம்மா படுத்துவிடும் இடத்தில் வாசிப்பு நின்றது. கேட்டால், "அப்புறம் படிக்கலாம்மா," என்பாள். வீட்டுப்பாடம் அதிகம் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு பிற்பகல். அவள் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். எனக்கு முதலில் குளிர் எடுத்தது, பிறகு பற்கள் கிட்டித்தன. காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும், கேட்காமல் மாத்திரை போடக் கூடாது, மாத்திரை சூட்டை மறைக்குமே தவிரத் தொற்றைத் தடுக்காது என்று செவிலியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரியும். ஆனாலும் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, சூடாக ஒரு வாய் ரசம் என்றே பழகிய உடம்பு இது.

"டிராயர்ல காய்ச்சல் மாத்திரை இருக்கு, எடு. அப்பா வந்துரட்டும்," என்றேன்.

அப்பா சன்னிவேல் அலுவலகத்திலிருந்து கிளம்பியிருந்தார். அவருடைய பனிப்புயல், எண்ணூற்று எண்பதாம் ஃப்ரீவே. கார் நகரவே இல்லை என்று போனில் சொன்னார்.

ஆதிரா தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "நோ, அம்மா."

"சொன்னா கேளு."

"அந்தப் பொண்ணோட அம்மாவும் இதேதான் சொன்னாங்க. அப்பா வரட்டும்னு. அவ வெயிட் பண்ணா."

"அப்புறம்?"

கையில் போன் இருந்தது. "அவங்க பிழைக்கல," என்று சொல்லிவிட்டு, நைன் ஒன் ஒன்னை அழுத்தினாள்.

எனக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். பெற்றவள் பேச்சைக் கேட்கவில்லையே என்ற சுத்தமான கோபம். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அது இருந்தது.

செப்சிஸ் (தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை) தொடங்கியிருந்தது. நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். "காத்திருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்," என்றார் அவசரப் பிரிவு மருத்துவர். செந்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது வேறொன்றை நினைத்து. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு, அதைத் தனியாக மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை எனக்குத் தினமும் கஞ்சி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள்.

சிகிச்சை முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. முன்பெல்லாம் அடுத்த வருடம், கிரீன் கார்டு வந்த பிறகு, என்றுதான் பேசுவேன். இப்போது வியாழக்கிழமை வந்தால் எனக்கு அன்று வியாழக்கிழமைதான். உடம்பை முன்போல் நம்புவதில்லை. ஆனால் அது பேசினால் காது கொடுக்கிறேன். நீங்களும் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பேசினாலும் கொடுங்கள்.

போன வாரம் அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை நானே படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன், ஆனால் வரி தலையில் நின்றது. பனி உருகிய பிறகு அந்தப் பெண் அம்மாவின் கவுனை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள். அது அவளுக்குச் சரியாக இருக்கிறது. அதோடு கதை முடிகிறது.

புத்தகத்தை மூடிவிட்டு என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீல ஸ்வெட்டரைக் காணோம். சாயங்காலம் ஆதிரா அதைப் போட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தாள்.

"எனக்கு கரெக்டா ஃபிட் ஆகுதும்மா. உனக்கு வேணுமா?"

"வேணும்," என்றேன். "கழட்டிக் குடு."