பக்கத்து வீட்டைவிட நாலடி

எங்கள் தெருவுக்கு ரோடு போட வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பழைய தாரைச் சுரண்டி எடுக்க மாட்டார்கள். இருப்பதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, ரோலரை ஓட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இதே கூத்து. இரண்டாயிரமாவது வருடத்தையொட்டி செம்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஐந்தாறு வருடத்தில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கள் கட்டில் உயரத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டிலும் அதே கதிதான். ஆனால் அவர்களுக்கு மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அந்த வீட்டு அண்ணன் ஏ.சி. மெக்கானிக், தன் சாமான்களை அங்கேதான் வைத்திருப்பார். எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டு எங்களையும் மேலே வரச் சொன்னார்கள். நோன்பு மாதம். அந்த வீட்டு அக்கா ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சி, தாங்கள் நோன்பு திறப்பதற்கு முன்பே என் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்க பாயில படுங்க டீச்சர். நாங்க எப்படியும் விடிகாலைல சஹர் சாப்பிட எந்திரிக்கணும்" என்றார். மூன்று நாள் அங்கேதான் இருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் என் கணவர் பேங்க் லோனுக்கு எழுதிப்போட்டார். வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுவதென்று முடிவு. எவ்வளவு உயரம் என்று மேஸ்திரியைக் கேட்டோம். அவர் தெருவைப் பார்க்கவே இல்லை, பக்கத்து வீட்டைத்தான் பார்த்தார்.

"அந்த வூட்ட வுட நாலடி தூக்கிடலாம் சார். தண்ணி நம்ம பக்கம் எட்டிகூட பாக்காது."

"அப்ப அது எங்க போகும்?" என்றேன் நான்.

"அது நமக்கு இன்னாத்துக்கு மேடம்?"

எங்கள் பக்கம் எல்லோருக்கும் இதுதான் அளவு. எதிர்வீட்டுக்காரர் எங்களைவிட மூன்றடி உயர்த்தியபோது, அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

லாரி லாரியாகக் கிராவல் வந்து இறங்கியது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே, எங்கள் மனையில், மூன்றடிச் சந்து ஒன்று இருந்தது. மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் பின்பக்கத்து வாய்க்காலுக்குப் போகும்.

"வீட்ட எவ்ளோ வேணா ஒசத்திக்குங்க டீச்சர். அந்தச் சந்துல மட்டும் மண்ணு கொட்ட வேணாம்னு சொல்லுங்க. எங்க தண்ணிக்கு வேற வழி இல்ல."

"சொல்றேங்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. கார் வாங்குவதாக இருந்தோம். அந்த மூன்றடியையும் சேர்த்து மேடாக்கினால்தான் கார் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கணவரிடம் பேச இரண்டு தடவை வாயெடுத்தேன். அப்புறம், நம் இடம்தானே, நாம் பட்ட பாடு போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் சந்தில் மண் கொட்டி மூடிவிட்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா புது வீட்டு ஜெபத்துக்கு வந்தார், கேக் சாப்பிட்டார், வீடு நன்றாக வந்திருக்கிறது என்றார். அந்தச் சந்து இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அடுத்த வருடமும் மழை கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று டி.வி.யில் சொன்னார்கள். காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. கீழே அவர்கள் வாசலில் இடுப்பளவுத் தண்ணீர். மாடி அறையின் தகரம் காற்றில் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் அண்ணனும் அரிசி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலைத் திறந்து, "அக்கா, எல்லாரும் இங்க வந்துடுங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேணாம் டீச்சர். புதுத் தரை. சேறாயிடும்."

இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.